நண்பரின் ரிவால்வர்: காகிதம் முதலில், கைமாற்றம் பிறகு

(குடிமக்கள் சேவை விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்னைக்குத் துப்பாக்கி உரிமம் பற்றிப் பேசப் போறோம்னு சொன்னதும், "நமக்கும் துப்பாக்கிக்கும் என்னங்க சம்பந்தம்?"னு உங்கள்ல பலர் நினைச்சிருப்பீங்க. நியாயம்தான். ஆனா தோட்டம் வைத்திருப்பவர், நகைக்கடை நடத்துபவர், முன்னாள் ராணுவ வீரர் என்று உரிமத்தோடு கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நம்ம ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயதாகிறது, வீடு மாறுகிறார்கள், "இது இனிமேல் நமக்கு எதுக்கு?"னு யோசிக்கிறார்கள். அப்போது அவர்கள் முதலில் கேட்பது கடைக்காரரிடம் இல்லை, நெருங்கிய நண்பரிடம்தான்.

ஒரு சூழ்நிலையை எடுத்துக்குவோம். உங்க நண்பர் உங்களிடம் சொல்கிறார்: "என்கிட்ட .32 போர் ரிவால்வர் ஒண்ணு இருக்கு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், புதுசு மாதிரி பளபளன்னு இருக்கும். பிள்ளைங்க வெளிநாட்டுல. பீரோவுல சும்மா கிடக்குது. உனக்குன்னா விலை குறைச்சுத் தர்றேன், எடுத்துட்டுப் போ. பேரை மெதுவா மாத்திக்கலாம்."

வாங்கலாமா? வாங்கலாம். ஒரு தனிநபர் தன் துப்பாக்கியை இன்னொரு தனிநபருக்கு விற்பதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனா "எடுத்துட்டுப் போ, பேரை மெதுவா மாத்திக்கலாம்" என்கிற அந்த வார்த்தையை மட்டும் நம்பிக் கை நீட்டினால், உங்களுக்கும் அவருக்கும் சேர்த்து ஆபத்து. ஏன், எப்படி என்பதைத்தான் இப்போ படிப்படியாகப் பார்க்கப் போறோம்.

வண்டி வாங்குவது போல இல்லை

பழைய பைக் வாங்குவது நமக்குப் பழக்கமான விஷயம். படிவம் 29, படிவம் 30-இல் கையெழுத்து வாங்கிக்கிட்டு, சாவியை வாங்கி, வண்டியை வீட்டுக்கு ஓட்டிட்டு வந்துடுவோம். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றம் அப்புறம் நடக்கும். அதில் தாமதமானால் அபராதம், அலைச்சல், அவ்வளவுதான்.

துப்பாக்கிக்கு இந்த வரிசையே தலைகீழ். காகித வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் பொருள் கை மாற வேண்டும். படைக்கலச் சட்டம் 1959-இன் பிரிவு 3 சொல்வது இதுதான்: உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கியையோ தோட்டாவையோ வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. காசு கொடுத்தீர்களா, இல்லையா என்பது கேள்வியே இல்லை. உங்க வீட்டு பீரோவில் ஒரு ராத்திரி இருந்தாலும் அது "வைத்திருத்தல்"தான்.

தண்டனை என்ன? 2019-இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, கூடவே அபராதம். பிரிவு 5-ஐ மீறித் துப்பாக்கியை விற்றால் இன்னும் கடுமை: குறைந்தது 7 ஆண்டிலிருந்து ஆயுள் தண்டனை வரை போகும். அதாவது, நல்ல மனசோடு விலை குறைத்துக் கொடுத்த நண்பருக்குத்தான் இதில் பெரிய இடி.

முதல் படி: உங்க கையில் உரிமம்

பேரம் பேசுவதற்கு முன்னாடி உங்களுக்கு உரிமம் இருக்க வேண்டும். 21 வயது நிறைந்திருக்கணும். வன்முறை அல்லது ஒழுக்கக்கேடு சம்பந்தப்பட்ட குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்கள், அந்தத் தண்டனைக் காலம் முடிந்து 5 ஆண்டு வரை துப்பாக்கி வாங்க முடியாது.

தனிநபருக்கான விண்ணப்பம் ஏ-1 படிவம். இதை உள்துறை அமைச்சகத்தின் என்.டி.ஏ.எல்.–ஏ.எல்.ஐ.எஸ். இணையதளத்தில் நிரப்பலாம். கைபேசியிலேயே திறக்கும். ஆனா முகவரியின் கடைசியில் அரசுத் தளத்துக்கு உரிய "கவ் டாட் இன்" இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விவரங்களைக் கொடுங்க. பிறந்த தேதி, அடையாளம், முகவரிச் சான்றுகளோடு, உடல்நலம் மனநலம் பற்றிய மருத்துவச் சான்றும், துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றும் தேவைப்படும். எதற்காகத் துப்பாக்கி வேணும் என்ற காரணத்தையும் எழுதணும். அதன் பிறகு காவல் துறை விசாரணை.

உரிமம் வழங்கும் அதிகாரி மாவட்டங்களில் மாவட்ட ஆட்சித் தலைவர், சென்னை மாநகரில் காவல் ஆணையர். உரிமம் கிடைத்தால் அதில் உங்களுக்கென ஒரு தனி அடையாள எண் இருக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும். முன்பு 3 ஆண்டு.

இங்கே இரண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, ஒருவர் இப்போது அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். 2019-க்கு முன்பு 3. ஏற்கெனவே உங்ககிட்ட இரண்டு இருந்தால், நண்பருடையது மூணாவது. முடியாது. இன்னொண்ணு, உரிமத்தில் எந்த வகை, எந்த போர் என்று எழுதியிருக்கும். உங்க உரிமம் 12 போர் துப்பாக்கிக்கு என்றால், அதைக் காட்டி ரிவால்வர் வாங்க முடியாது. முதலில் உரிமத்தைத் திருத்தி வாங்கணும்.

இரண்டாவது படி: நண்பரின் உரிமத்தைப் பாருங்க

நண்பரிடம் "உன் உரிமத்தைக் காட்டு"ன்னு கேட்க நமக்குக் கூச்சமா இருக்கும். இந்த இடத்தில் கூச்சமே வேண்டாம். சட்டமே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கிறது. வாங்குபவருக்கு உரிமை இருக்கிறதா என்று முன்கூட்டியே உறுதி செய்யாமல் துப்பாக்கியைக் கொடுப்பதும் பிரிவு 29-இன்படி குற்றம்.

பார்க்க வேண்டியவை: உரிமம் இன்னும் நடப்பில் இருக்கிறதா? அதில் எழுதியிருக்கிற தயாரிப்பாளர் பெயரும் எண்ணும், துப்பாக்கி மேல் பொறித்திருக்கிற பெயரும் எண்ணும் ஒன்றா? போர் அளவு ஒத்துப் போகிறதா?

உரிமம் காலாவதி ஆகியிருந்தால், அவர் அந்தத் துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருக்கவில்லை என்று அர்த்தம். சட்டப்படி வைத்திருப்பதைத்தான் விற்க முடியும். அப்படி ஒரு நிலை வந்தால், பிரிவு 21-இன்படி அதைத் தாமதமில்லாமல் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ அவர் ஒப்படைக்கணும். "எங்க அப்பாவோட ரிவால்வர், அவர் காலமாகிட்டார்"னு மகன் விற்க வந்தாலும் இதே கதைதான். வாரிசுக்கென்று தனி விதி இருக்கிறது. அவர் முதலில் தன் பெயரில் உரிமம் பெறணும், இல்லையென்றால் ஒப்படைக்கணும்.

மூன்றாவது படி: 45 நாள்

பலருக்கும் தெரியாத இடம் இதுதான். பிரிவு 5-இன்படி, விற்பவர் மாவட்ட நிர்வாகத்துக்கோ அருகில் உள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்: "இந்தத் துப்பாக்கியை விற்க நினைக்கிறேன், வாங்குபவர் பெயர் இது, முகவரி இது." அப்படித் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகுதான் துப்பாக்கி கை மாறலாம்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஜூன் 1-ஆம் தேதி கடிதம் கொடுத்தால், 45-ஆவது நாள் ஜூலை 16. ஆகவே ஜூலை 17-க்கு முன்னால் ரிவால்வர் நண்பர் வீட்டை விட்டு உங்க வீட்டுக்கு வரக் கூடாது.

கடிதத்தில் துப்பாக்கியின் வகை, போர், எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, இருவரின் உரிம எண் எல்லாம் எழுதுங்க. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்கிக்குங்க. காவல் நிலையம், ஆட்சியர் அலுவலகம் இரண்டுக்கும் கொடுத்துவிடுவது நல்லது. 45 நாள் முடிந்தாலும், உரிமப் பிரிவில் ஒரு தடவை கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு மாற்றுவது இன்னும் பாதுகாப்பு.

தகவல் தராமலோ, 45 நாளுக்கு முன்போ விற்றால் 6 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "500 ரூபாய்தானே, கட்டிடலாம்"னு யாராவது யோசனை சொன்னால் கேட்காதீங்க. அது இரண்டு பேருக்கும் உரிமம் இருந்து, முறை மட்டும் தவறியதற்கான தண்டனை. வாங்குபவருக்கு உரிமம் இல்லையென்றால், முன்னாடி சொன்ன 2 ஆண்டு, 7 ஆண்டு கணக்குதான் வரும்.

இந்த 45 நாள் எதுக்கு? வாங்குபவர் தகுதியானவரா என்று அலுவலகம் சரிபார்க்க இது அவகாசம் தருகிறது. விற்பவருக்கும் இது ஒரு கவசம். நாளைக்கு அந்தத் துப்பாக்கி எங்கே போனாலும், "நான் இன்ன தேதியில், இன்னாருக்கு, சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன்" என்று அவரிடம் முத்திரை போட்ட காகிதம் இருக்கும்.

இவ்வளவு அலைய முடியாது என்றால் இன்னொரு வழி உண்டு. நண்பர் உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் விற்கலாம். நீங்க உங்க உரிமத்தைக் காட்டி அந்த வியாபாரியிடம் வாங்கிக்கலாம். கமிஷன் கொஞ்சம் போகும். ஆனா பதிவேடு அவர் கையில் ஒழுங்காக இருக்கும்.

பளபளப்பை நம்பாதீங்க

இப்போ பொருளுக்கு வருவோம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பது குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்த எஃகு. அந்தக் குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படிந்து துருவைத் தடுக்கும். 1965-இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் "மாடல் 60" என்ற ரிவால்வரை முழுக்க இந்த எஃகில் செய்து வெளியிட்டது. அதுதான் இந்த வகையில் முதல்.

துருப்பிடிக்காது என்றால் துருவே பிடிக்காது என்று இல்லை. சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக் காற்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் சிறு சிறு குழிகளை உண்டாக்கும். வெளியே தெரியாது, குழலுக்குள் இருக்கும்.

இன்னொரு விஷயம். கறுப்புப் பூச்சுள்ள துப்பாக்கியில் தேய்மானம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை பாலிஷ் போட்டுப் புதுசு போல ஆக்கிவிடலாம். அப்படி பாலிஷ் போடும்போது பொறித்த எண்ணும் சேர்ந்து தேயும். எண் மங்கலா இருக்கா, ஓர் இலக்கம் மட்டும் வித்தியாசமா இருக்கா? அங்கேயே நிறுத்திக்குங்க. எண் அழிக்கப்பட்ட துப்பாக்கி உங்க கையில் இருந்தால், நீங்கதான் அழித்தீர்கள் என்று பிரிவு 8-இன்படி அனுமானிக்கப்படும். இல்லையென்று நிரூபிக்க வேண்டியது உங்க பொறுப்பு.

போர் அளவும் முக்கியம். கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர்கள்தான் நம்ம நாட்டில் தனிநபர்களிடம் அதிகம் பார்க்கக் கிடைப்பவை. .380, .455 தோட்டாக்களைப் போட்டுச் சுடக்கூடிய ரிவால்வர்கள் தடைசெய்யப்பட்ட வகையில் வரும். சாதாரண உரிமம் அதற்குச் செல்லாது. அதை வைத்திருந்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை. 1980-களில் தனிநபர்களுக்கான துப்பாக்கி இறக்குமதி நிறுத்தப்பட்டதால், பழைய வெளிநாட்டு ரிவால்வர்களுக்கு ஏக கிராக்கி. கிராக்கி இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். வெளிநாட்டு முத்திரை குத்திய நாட்டுத் துப்பாக்கியை உண்மை என்று நம்பி வாங்கியவர் பணத்தோடு நிம்மதியையும் இழப்பார்.

வெள்ளியாக மின்னுவதெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் இல்லை. 2014-இல் கான்பூரில் இருந்து பெண்களுக்கென்று வந்த "நிர்பீக்" ரிவால்வர் டைட்டானியம் கலவையில் ஆனது. எடை ஏறக்குறைய அரைக் கிலோதான். ஆகவே நண்பர் சொல்வதை வைத்து விலை பேசாமல், அந்த 45 நாளுக்குள் அவரே துப்பாக்கியை உரிமம் பெற்ற வியாபாரியிடம் கொண்டு வரட்டும். நீங்களும் கூடப் போங்க. தோட்டா உருளை ஆடாமல் பூட்டுகிறதா, உருளையின் ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேராக வந்து நிற்கிறதா, குழலுக்குள் அரிப்பு இருக்கிறதா என்று விஷயம் தெரிந்தவர் பார்த்துச் சொல்வார். தோப்பிலோ மொட்டை மாடியிலோ சுட்டுப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

கை மாறும் நாள்

45 நாள் முடிந்துவிட்டது, பதிலும் வந்துவிட்டது. அன்றைக்குச் செய்ய வேண்டியவை:

1. இருவரின் அசல் உரிமமும் இருக்கட்டும். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இருவரும் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்க.

2. பணத்தை வங்கி வழியாகக் கொடுங்க. ரொக்கம் வேண்டாம்.

3. தேதி, நேரம், துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்க. மீதித் தோட்டாக்களும் கணக்கில் வரணும். "சும்மா வெச்சுக்கோ" என்று கொடுக்கிற ஒரு தோட்டாவும் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கிக்குச் சமம்.

4. தாமதிக்காமல் உரிமப் பிரிவுக்குப் போய், உங்க உரிமத்தில் பதிவும், நண்பரின் உரிமத்தில் நீக்கமும் செய்து வாங்குங்க. நண்பரின் உரிமத்தில் அந்த எண் இருக்கும்வரை பொறுப்பும் அவர் தலையில்தான்.

கைபேசியில் செய்யக் கூடாதவை

துப்பாக்கியைப் படம் எடுத்து "விற்பனைக்கு"ன்னு வாட்ஸ்அப் குழுவில் போடாதீங்க. யார் பார்க்கிறார்கள், உங்க வீட்டில் துப்பாக்கி இருப்பது யாருக்குத் தெரிகிறது என்பது உங்க கட்டுப்பாட்டில் இல்லை. உரிமத்தின் நகலையும் குழுக்களில் பகிராதீங்க. "உரிமமே வேண்டாம், கூரியரில் அனுப்புகிறோம், யு.பி.ஐ.-யில் முன்பணம் போடுங்க"ன்னு வருகிற விளம்பரம் எதுவாக இருந்தாலும் அது மோசடி. ஒருவேளை பொருள் வந்துவிட்டால் அதைவிடப் பெரிய பிரச்சினை.

கல்யாணத்தில், திருவிழாவில் வானத்தைப் பார்த்துச் சுட்டு வீடியோ போடுவதும் 2019 திருத்தத்தில் தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. மற்றவர் உயிருக்கு ஆபத்து வரும்படி அப்படிச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

"நண்பர் வெளிநாடு போறார். திரும்பி வரும்வரை என்கிட்ட வைக்கச் சொல்றார்." வாங்காதீங்க. அவர் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டுப் போகட்டும்.

"பழுது பார்க்க நான் எடுத்துட்டுப் போகலாமா?" உரிமதாரர் கூடவே இருந்தாலோ, அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்திருந்தாலோ, பழுது பார்க்கவும் உரிமம் புதுப்பிக்கவும் எடுத்துச் செல்லச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த வேலைக்கு மட்டும்.

"தேர்தல் அறிவிச்சுட்டாங்களே?" தேர்தல் காலத்தில் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வருவது வழக்கம். அந்தச் சமயத்தில் உங்க கைமாற்றம் தள்ளிப் போகலாம். பொறுத்துக்குங்க.

கடைசியாக ஒரு கேள்வி

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்களை நீங்களே ஒரு தடவை கேட்டுக்குங்க: இது எனக்குத் தேவையா, இல்லை விலை குறைச்சலா கிடைக்குதுன்னு ஆசையா? மிரட்டல் ஏதாவது இருந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுங்க. அவசரத்துக்கு 112 இருக்கிறது. வீட்டில் குழந்தைகள் இருந்தால், பூட்டிய இரும்புப் பெட்டியில் துப்பாக்கி தனியாக, தோட்டா தனியாக வைக்க இடமும் பழக்கமும் உங்ககிட்ட இருக்கணும். வீட்டில் யாராவது மனசு உடைந்து இருக்கிற நேரம் என்றால், அந்த வீட்டுக்குத் துப்பாக்கி வர வேண்டாம். அவர்களுக்குத் தேவை பேச்சுத் துணை. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணையும், நம்ம மாநிலத்தின் 104 எண்ணையும் கைபேசியில் சேமித்து வையுங்க.

தேவை என்று முடிவு செய்தால், நண்பரிடம் இப்படிச் சொல்லுங்க: "உன்கிட்டதான் வாங்குவேன். ஆனா முதல்ல எனக்கு உரிமம் வரட்டும். அப்புறம் நீ கடிதம் கொடு, 45 நாள் போகட்டும். அதுவரைக்கும் அது உன் வீட்டுலயே இருக்கட்டும்." நல்ல நண்பர் இதைக் கேட்டு வருத்தப்பட மாட்டார். இங்கே அதிகம் இழக்கக் கூடியவர் அவர்தான் என்பதையும் அவருக்கு எடுத்துச் சொல்லுங்க.